கணிப்பொறிக்குக் கும்மி தெரியுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கணிப்பொறி வகுப்பில் இசைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கணக்கும் ஆங்கிலமும் இன்னும் கைவராத அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் கிடைப்பதே ஒன்றிரண்டு கணிப்பொறி வகுப்புகள். அவற்றையும் பாட்டிலும் கூத்திலும் கழிப்பதா என்பது அவர்தம் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். பேராசிரியப் பெருமக்கள் முன்னும் சக மாணவ நண்பர்கள் முன்னும் நான் இப்போது வைக்க விரும்புவது அதற்கு அடுத்த கேள்வி. இசையைக் கணிப்பொறியில் கற்பிப்பது என்று ஒரு பள்ளி துணிந்துவிட்டால், எந்த மென்பொருளைக் கையில் எடுப்பது?

இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்தது. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் வாடிப்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்தது. காலையில் கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலம் வெட்டுவது, பிற்பகலில் அவ்வூர் அரசு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு இருப்பது என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. அங்கே கணிப்பொறி வகுப்பைப் பார்த்துக்கொள்பவர் உண்மையில் கணித ஆசிரியை. அவர் என்னிடம், "நீ பிசிக்ஸ்தானேம்மா? கலைத் திருவிழாவுல பாட்டு, மேளம்னு பாத்ததுல இருந்து, கம்ப்யூட்டர்ல பாட்டுப் போடலாமா டீச்சர்னு பிள்ளைக நச்சரிக்குதுக. எந்த சாப்ட்வேர் சுலபம்னு பாத்துச் சொல்லேன்" என்றார். அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா 2022-23 கல்வியாண்டு முதல் நடந்து வருவதை நாம் அறிவோம். அவர் கேட்டபடியே நான்கு பிற்பகல்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பல மென்பொருள்களைத் திறந்து பார்த்தேன். அங்கே கண்டதையும், அதற்குப் பின் நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் பொறுமையாகச் சோதித்துப் பார்த்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆட்சேபணைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. அங்கே பிள்ளைகள் எதைச் செய்ய வேண்டும் என்று நம் பாடநூல்களே சொல்கின்றன. கீழ்வகுப்பில் டக்ஸ் பெயிண்ட் என்னும் ஓவிய மென்பொருள் பாடமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசிப் பாடம் ஸ்கிராச் என்னும் மென்பொருளை அறிமுகம் செய்கிறது. பூனை ஒன்றை நடக்க வைத்து நிரல் எழுதப் பழக்குவது அது. படம் வரைவது கல்வி, பூனையை நடக்க வைப்பது கல்வி, ஒலியை அமைப்பது மட்டும் பொழுதுபோக்கா? எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் ஒலியியல் என்று தனிப் பாடமே இருக்கிறது. அதிர்வெண், வீச்சு என்று மனப்பாடம் செய்கிற பிள்ளை தன் குரலின் அலையை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அந்த எண்ணிக்கைக்குள் ஓவியம், உடற்கல்வி, தையல், கணிப்பொறி என்று எல்லாம் அடங்கும். இசையும் அதில் ஒன்று. நாங்கள் போன பள்ளியில் இசை ஆசிரியர் என்று ஒருவர் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. நான் படித்த பள்ளியிலும் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் பிறந்த ஊர் மதுரை. மணி ஐயரும் சோமுவும் தங்கள் பெயருக்கு முன்னால் சுமந்த ஊரும் இதுதான். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாம் கேட்கும் நாகசுரத்தை வாசித்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களும் மதுரைக்காரர்களே. இத்தனை பெருமை பேசுகிற ஊரின் சுற்றுப்புறத்தில், ஒரு பிள்ளைக்கு இசை கற்பிக்கும் ஆசான் யார் என்று பார்த்தால் அப்பாவின் கைபேசியும் கோயில் திருவிழா ஒலிபெருக்கியும்தான்.

சரி, மென்பொருளுக்கு வருவோம். நகரத்து இளைஞர்களைக் கேட்டால் தயங்காமல் எஃப்.எல். ஸ்டுடியோ என்பார்கள். வசதி மிக்கதுதான். ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டியது. இலவசமாகக் கிடைக்கும் சோதனைப் பதிப்பில் செய்த வேலையைச் சேமிக்கலாம், சேமித்ததை மறுபடி திறக்க முடியாது. இன்று பாதி செய்து நாளை மீதியைச் செய்ய வேண்டிய பள்ளிக்கு இது எப்படி ஒத்துவரும்? திருட்டுப் பிரதி கிடைக்கிறதே என்பார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் பாடமே அதுவாக வேண்டாம். காரேஜ் பேண்ட் 2004-இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டு வந்தது; தொடக்கக்காரர்களுக்கு அதைவிட எளிதான ஒன்றைக் காண்பது அரிது என்கிறார்கள். ஆப்பிள் கணிப்பொறி இருந்தால்தானே? அதை இத்துடன் விட்டுவிடலாம்.

விலையைவிட எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. இத்தகைய மென்பொருள்கள் பலவற்றில் ஆயத்த ஒலித்துண்டுகள் நூற்றுக்கணக்கில் நிரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. மேளத்துண்டு ஒன்று, கித்தார்த்துண்டு ஒன்று, இழுத்து அடுத்தடுத்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் திரைப்பாடல் போல ஒன்று முழங்கும். என் வகுப்புத் தோழி ஒருத்தி இதற்காகவே வாதாடினாள். "பிள்ளைகளுக்கு முதல் நாளே சந்தோஷம் வேணும்டி. அலுப்புத் தட்டினா மறுநாள் வரமாட்டாங்க" என்றாள். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. முதல் நாள் மகிழ்ச்சி வேண்டும்தான். ஆனால் அந்த ஐந்து நிமிட முழக்கத்தில் பிள்ளை செய்தது என்ன? கடையில் தொங்கும் தைத்த சட்டைகளில் ஒன்றைக் கைநீட்டிக் காட்டியதைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைத் தையல் வகுப்பு என்று சொல்ல நமக்கு மனம் வருமா? மூன்றாம் நாள் எல்லாப் பிள்ளைகளின் பாட்டும் ஒரே மாதிரி இருக்கும். நான் அதைக் கண்ணெதிரே பார்த்தேன். ஏழு கணிப்பொறிகளிலும் ஒரே மேளம்.

இதற்கு நேரெதிரானது குரோம் மியூசிக் லேப் என்னும் கூகுள் தளம். 2016-இல் தொடங்கிய அதில் 2018-இல் 'சாங் மேக்கர்' என்ற பகுதியைச் சேர்த்தார்கள். திரையில் கட்டம் போட்ட தாள் ஒன்று விரியும். கட்டத்தைத் தொட்டால் வண்ணம் ஏறும், ஒலி எழும். மேலே போனால் சுருதி ஏறும், வலப்பக்கம் போனால் காலம் நகரும். அடியில் தாளத்துக்கென இரண்டு வரிசைகள். ஆங்கிலம் ஒரு சொல் தெரிய வேண்டாம், பெயர்ப்பதிவு வேண்டாம், காசு வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அதைப் பழகிவிட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் தோழி கேட்ட முதல் நாள் மகிழ்ச்சிக்கு இது போதும்.

அந்தக் கட்டத்தில் நம் இசைக்கு இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஓரளவு இருக்கிறது. ஏழு சுர வரிசை சங்கராபரணத்தின் சுரங்கள். ஐந்து சுர வரிசையைத் தேர்ந்தால் மோகனம். பன்னிரண்டு சுரத்தானங்களையும் திறந்துகொண்டால் கல்யாணியின் சுரங்களையும் வைத்துப் பார்க்கலாம். ராகம் வராது, ராகத்தின் எலும்புக்கூடு வரும். ஏனென்றால் கணிப்பொறி ஒரு சுரத்தில் நின்று அடுத்த சுரத்துக்குத் தாவுகிறது. நம் பாட்டு இரண்டுக்கும் நடுவே வழுக்கியும் அசைந்தும் போகிறது. இயற்பியல் மாணவி என்ற முறையில் இன்னொன்றும் சொல்லலாம். கணிப்பொறி ஒரு தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாக வெட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல் ஏறக்குறைய 1.0595 மடங்கு. தம்பூராவில் சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் சரியாக 1.5 என்றால், இதில் 1.4983. இது காதுக்குத் தெரியாத வேற்றுமை. காந்தாரத்தில் 1.25 இருக்க வேண்டிய இடத்தில் 1.2599 வருகிறது; பழகிய காது இதைப் பிடித்துவிடும். எட்டாம் வகுப்புக்கு இது முதல் நாள் கவலை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் கவலை தாளத்தில் வந்தது. பெண்பிள்ளைகள் நால்வர் தங்கள் ஊர் முளைப்பாரிக் கும்மியைக் கணிப்பொறியில் போட வேண்டும் என்றார்கள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எங்கள் தெருவில் முளைப்பாரிக்குக் கும்மி எடுத்துக் கொடுப்பவர் என் அம்மாதான். ஒருத்தி பாட, ஒருத்தி கைதட்ட, ஒருத்தி கட்டத்தில் தட்டை வைத்தாள். இரண்டாவது அடி வருவதற்குள் பாட்டு ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். மறுபடி முயன்றார்கள், மறுபடியும் அப்படியே. கடைசியில் பாடிய பெண் தன் பாட்டைச் சுருக்கிக் கட்டத்துக்குள் திணிக்கத் தொடங்கினாள். "அக்கா, நாங்க பாடுறது தப்பா இருக்கு போல" என்றாள்.

தப்பு அவளிடம் இல்லை. கும்மியின் நடை மூன்று மூன்றாக விழுவது. எந்த இசை மென்பொருளைத் திறந்தாலும் நமக்குக் கேட்காமலே விரிக்கப்படுவது நான்கு. மேற்கத்திய நடனப் பாட்டு நான்கில் ஓடுவதால் நிரல் எழுதியவர் நான்கை வைத்தார். அவர்மேல் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்திக்குத் திரையில் தெரிவதுதான் சரி, பாட்டி சொல்லிக் கொடுத்தது பிசகு என்று தோன்றிவிட்டால் அந்தச் சேதத்தை யார் ஈடுகட்டுவது? நல்லவேளையாக, இந்தக் கட்டத் தாளில் ஓர் அடியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஓர் ஆவர்த்தனத்துக்கு ஐந்து அடி, ஏழு அடி என்றும் வைக்கலாம். கண்டச் சாப்பும் மிச்ரச் சாப்பும் அடங்கும். மூன்றாகப் பிரித்ததும் கும்மி வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள் வேறெதைப் பார்க்காவிட்டாலும் இதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நான்கை மாற்ற முடிகிறதா? மாற்றும் இடம் ஒரு பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா?

சாங் மேக்கருக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. அது இணையத்தில் வாழ்வது. நாங்கள் இருந்த நான்கு பிற்பகல்களில் இரண்டில் இணையம் இல்லை. ஒரு முழுப் பாடத்திட்டத்தை அதன்மேல் கட்டினால் மழைக்காலத்தில் வகுப்பு நடக்காது.

இணையம் வேண்டாத இலவச மென்பொருள்களில் எல்.எம்.எம்.எஸ். நன்றாக வேலை செய்கிறது. 2004-இல் தொடங்கப்பட்டு, பலர் கூடி வளர்த்த கட்டற்ற மென்பொருள் இது. லினக்சிலும் ஓடும், விண்டோசிலும் ஓடும். தாள அளவையும் மாற்றிக்கொள்ளலாம். பதினொன்றாம் வகுப்புக்கும் நம் கல்லூரி மாணவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். எட்டாம் வகுப்புக்குச் சொல்லமாட்டேன். திறந்த உடனே நான்கைந்து சன்னல்கள் திரையை மறைக்கின்றன. எது எதற்கு என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிடும். அதைவிட முக்கியம், அதன் 1.2 பதிப்பில் மைக்கின் முன் பாடியதை நேரடியாகப் பதிவுசெய்ய வழியில்லை. சோனிக் பை என்று ஒன்று உண்டு. 2012-இல் கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் பள்ளிகளுக்காகவே உருவாக்கியது, நிரல் எழுதினால் இசை வரும். கணிப்பொறி அறிவியல் துறை நண்பர்கள் அவசியம் பார்க்க வேண்டியது. தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கில ஆணைகளைத் தட்டெழுதுவதிலேயே நேரம் போய்விடும். எம். சுப்பிரமணியன் உருவாக்கிய 'காயகா' கமகத்தோடு கர்நாடக இசையை ஒலிக்கச் செய்கிறது, பெரும் உழைப்பு. சுரம் எழுதத் தெரிந்தவர்க்கே அது பயன்படும்.

ஆகவே நான் அந்த ஆசிரியையிடம் சொன்னது ஆடாசிட்டி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ராஜர் டானன்பெர்க் இருவரும் தொடங்கி 2000-இல் வெளியிட்டது. இலவசம். பழைய கணிப்பொறியிலும் ஓடுகிறது. நிறுவாமலே, பென் டிரைவிலிருந்து நகலெடுத்து விண்டோசில் திறக்கும்படியான வடிவமும் கிடைக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஆய்வகத்தில் புதிதாக எதையும் நிறுவுவதற்கான கடவுச்சொல் ஆசிரியை கையில் இல்லை. கேட்டு எழுதி மாதக்கணக்காகிறதாம். தலைமையாசிரியர் அனுமதியோடு நகலெடுத்தே நடத்தினோம்.

ஆடாசிட்டி இசை உண்டாக்கும் மென்பொருளே அல்லவே, வெறும் ஒலிப்பதிவுக் கருவிதானே என்று நம் துறை ஆசிரியர் ஒருவர் கேட்டார். உள்ளே பியானோ இல்லை, வயலின் இல்லை, மேளத்துண்டு இல்லை. உண்மை. அதனால்தான் அதைச் சொல்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லாததால் பிள்ளை தன்னிடம் உள்ளதைக் கொண்டு வந்தாக வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்து, ஒலி எழுப்பு, அலை வரும். வேண்டாததை வெட்டு, வேண்டியதைத் திரும்பத் திரும்ப ஒட்டு, இன்னொரு வரிசையில் இன்னொருவர் பாட்டைச் சேர். வேகத்தை மாற்றினாலும் சுருதி மாறாமல் வைக்கலாம். சுருதியை மாற்றினாலும் வேகம் மாறாமல் வைக்கலாம். 'ரிதம் ட்ராக்' என்றொரு வசதி தட்டுக் கொடுக்கும். ஆவர்த்தனத்துக்கு மூன்றோ ஐந்தோ ஏழோ, நாம் சொன்ன கணக்கில் கொடுக்கும்.

மறுநாள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு ஒலியைக் கொண்டு வாருங்கள் என்றேன். பித்தளைக் குடம் வந்தது, அம்மிக்கல்லின் ஓசை கைபேசியில் பதிவாகி வந்தது, ஒருவன் சேவலின் கூவலைக் கொண்டு வந்தான், ஒருத்தி தன் தங்கையையே கூட்டி வந்தாள். குடத்தில் தட்டிய ஒலியைச் சுருதி மாற்றி மாற்றி ஒட்டி, 'ஸ ரி க ம' போல ஒன்றைப் பையன்கள் செய்துவிட்டார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரைக் கடம் பற்றி அப்போது சொன்னேன். அங்கே மண்ணைப் பிசைகிறவரும் சூளையில் சுடுகிறவரும் முன்கூட்டியே சுருதியை எண்ணிச் செய்கிறார்கள் என்றதும் ஒருவனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஊருக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான்.

கடைசி வரிசைப் பையன் ஒருவன் முதல் நாள் ஒன்றும் கொண்டு வரவில்லை. மறுநாள் கைபேசியை நீட்டி, "எங்கப்பா அடிச்சதுக்கா" என்றான், மெதுவாக. பறை. வகுப்பில் ஒரு சிரிப்பு எழுந்தது. "சாவுக் கொட்டு" என்று யாரோ சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. ஆசிரியை தலை குனிந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்.

அந்த ஒலியைத் திரையில் விரித்தோம். ஈட்டி போல எழுந்து உடனே அடங்கும் பெரிய அலைகள். அவற்றுக்கு நடுவே சிறிய, மெல்லிய அலைகள் நெருக்கமாக. பெரியது ஏன், சின்னது ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, அவனைக் கேளுங்கள் என்றேன். தடித்த குச்சி ஒரு கையில், மெல்லிய நீண்ட குச்சி மறு கையில்; பெரியது இது, சின்னது அது என்று அவன் திரையில் விரலை வைத்துக் காட்டினான். அடியை எண்ணச் சொன்னால் வகுப்பில் அவனைத் தவிர யாருக்கும் எண்ண வரவில்லை. நாங்கள் நான்கு என்று நினைத்த இடத்தில் அவன் வேறு கணக்குச் சொன்னான். அலைகளை அளந்து பார்த்தால் அவன் கணக்குதான் சரி.

நான்காம் நாள் அவன் பறையையே கொண்டு வந்தான். நெருப்பில் காய்ச்சுவதற்கு முன் ஒரு பதிவு, காய்ச்சிய பின் ஒரு பதிவு. தோலில் இருந்த ஈரம் போய் இழுப்பு ஏற, அதிர்வெண் ஏறுகிறது. ஒரே நீள நேரத்துக்குள் எத்தனை அலைமுகடு என்று எண்ணிப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். இழுவிசைக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள தொடர்பை நாம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோனாமீட்டர் கம்பியை வைத்துப் பார்க்கிறோம். அவன் அப்பா அதைத் தினமும் செய்கிறார்.

சிரித்தவர்கள் எல்லாம் திருந்திவிட்டார்கள் என்று நான் எழுதமாட்டேன். அந்தப் பதிவைத் தன் பாட்டில் சேர்க்க இரண்டு பேர் கடைசிவரை ஒப்பவில்லை. அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வாடிப்பட்டிக்குக் கூப்பிடு தூரம் அலங்காநல்லூர். அந்த வகுப்பில் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் மூன்று பேர். மென்பொருள் சாதியை ஒழித்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் பேதை அல்லள். ஆயினும் ஆயத்த மேளத்துண்டு நிறைந்த மென்பொருளை வாங்கிப் போட்டிருந்தால் அந்தப் பையன் கடைசி வரிசையிலேயே இருந்திருப்பான். அவன் அப்பாவின் கைபேசிப் பதிவுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. நாம் தேர்வது வெறும் மென்பொருளை அல்ல, யார் வீட்டு ஒலி வகுப்புக்குள் வரலாம் என்பதையும் சேர்த்தே தேர்கிறோம்.

இசையமைப்பாளர்கள் எல்லாரும் கணிப்பொறியில்தானே இசை போடுகிறார்கள், பிள்ளைகளையும் அதில் நேரே இறக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். 1986-இல் வந்த 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களில் இளையராஜா கணிப்பொறியைப் பயன்படுத்தினார் என்பது பலரும் அறிந்தது. ஆனால் அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே, அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடையேறிய காது அது. ரகுமானும் சிறு வயதிலேயே பிறர் குழுக்களில் விசைப்பலகை வாசித்துப் பழகிய பிறகே 1992-இல் 'ரோஜா'வுக்கு வந்தார். இதற்கென நிரல் எழுதிய முன்னோடிகளில் ஒருவரான மாக்ஸ் மாத்யூஸ் 1957-இல் பெல் ஆய்வகத்தில் ஐ.பி.எம். 704 பொறியை 17 விநாடி இசைக்க வைத்தார். அவரும் வயலின் வாசிப்பவர்.

முடிவாக ஆசிரியைக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். முதல் வகுப்புக்கு இணையம் இருக்கும் நாளாகப் பார்த்துச் சாங் மேக்கர்; கட்டத்தை மூன்றாகப் பிரித்து வைத்துவிட்டே பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். அடுத்த எட்டு வகுப்புகள் ஆடாசிட்டி. அதற்குப் பிறகு, விரும்பும் பிள்ளைகளுக்கு மட்டும் எல்.எம்.எம்.எஸ்.; அதில் சொந்தமாகப் பதிவுசெய்த குடத்தையும் பறையையும் உள்ளே இழுத்து வைத்து மேளம் கட்டலாம். பத்தாம் வகுப்பில் ஸ்கிராச் வரும்போது அதிலுள்ள இசைக் கட்டளைகளைத் தொட்டுக் காட்டினால் போதும்.

இதைப் படித்த நம் தமிழ்த்துறைப் பேராசிரியர், "புதிதாக என்ன சொல்கிறாய்? சிலப்பதிகாரம் ஆய்ச்சியர் குரவையைப் படி" என்றார். படித்தேன். மதுரை மதிலுக்கு வெளியே ஆயர் சேரியில் பால் உறையாமல் போகிறது, தீய குறிகள் தோன்றுகின்றன. மாதரி ஏழு இளம்பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையே அவர்களுக்குச் சூட்டி ஆடவிடுகிறாள். ஏழு வண்ண வரிசை கொண்ட கட்டத் தாளைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைவு வந்தது என்றால் அது பேராசிரியரின் புண்ணியம். அடுத்த முறை திரையைத் திறப்பதற்கு முன்னால் ஏழு பிள்ளைகளைப் பள்ளித் திடலில் வட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு சுரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மின்சாரம் இல்லாத நாளிலும் நடக்கும்.

ஒரு தடை மீதி இருக்கிறது. கணிப்பொறி இருக்கிறது, மென்பொருள் இலவசம், ஒலிவாங்கி இல்லை. ஏழு பொறிகளுக்கு நடுவே எங்களிடம் இருந்தவை மைக் வைத்த இயர்போன் இரண்டு. அவற்றில் ஒன்று என்னுடையது. நண்பர்களிடம் ஒரு காது கேட்காமல் போன இயர்போன் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். மைக் வேலை செய்தால் போதும். இயற்பியல் துறை ஆய்வுக்கூடத்தில் என் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஐந்து சேர்ந்தவுடன் வாடிப்பட்டிப் பேருந்தில் கொண்டு போய்க் கொடுத்துவிடுவேன்.